ஆறு விரல் மை

கையெழுத்துப் போடச் சொல்லி யார் எந்தத் தாளை நீட்டினாலும் முதலில் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் என் சந்தேகம் இன்னும் கூடும். என் பிள்ளைகள் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். கல்யாணப் பத்திரிகையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற மனுஷன் என்பார்கள். சிரிக்கட்டும். நான் படித்த பள்ளிக்கூடத்தில் அவர்கள் படிக்கவில்லை, நான் பிறந்த காலத்தில் எங்கள் ஊரில் பிறக்கவும் இல்லை.

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே. கீழக்குயில்குடியைத் தாண்டி, சமணர் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஐம்பது அறுபது வீடு. அந்த நாளில் எங்கள் சனத்தின் மேல் ஒரு சட்டம் இருந்தது. ரேகைச் சட்டம் என்போம். ஆண்பிள்ளைக்கு வயது வந்துவிட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதித்துவிட்டு வர வேண்டும். திருடியவன், திருடாதவன் என்ற பேதமெல்லாம் கிடையாது. இன்ன வீட்டில் பிறந்தவன் என்பதே போதும். ரேகை வைத்தவன் பொழுது சாயும்போது ஸ்டேஷனுக்குப் போய் ஆஜர் கொடுத்து, அங்கேயே வெறுந்தரையில் படுத்து, விடிந்த பிறகுதான் வீடு திரும்பலாம். வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு என்று ஒன்றை எழுதி வாங்க வேண்டும். ஸ்டேஷனில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆளுக்கொரு நம்பர்.

அப்பாவை நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். ஐயாவுக்கு ஒரு நம்பர், அண்ணனுக்கு ஒரு நம்பர். ஐயா ஆயுளில் அடுத்தவன் கொல்லையில் ஒரு கம்பங்கதிரைக்கூடக் கிள்ளியதில்லை. நாலு குறுக்கம் புஞ்சையில் பாடுபட்டவர். இளவயதில் அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் காவல் போனவர். மாடு காணாமல் போனால் ஐயாவைத்தான் கூட்டிப் போவார்கள். மண்ணில் கிடக்கிற தடத்தைப் பார்த்து, மாட்டை ஓட்டிப் போனவன் எந்தக் காலைச் சாய்த்து நடக்கிறான் என்று சொல்லிவிடுவார். திருடனைப் பிடித்தவரையே திருடன் லிஸ்டில் எழுதிய சர்க்காரை அவர் எப்படி நம்புவார்? நம்பவில்லை. சர்க்கார் போட்ட ரோட்டில்கூட ஓரமாகத்தான் நடப்பார்.

பள்ளிக்கூடமும் சர்க்கார் திறந்ததுதான், எங்களுக்காகவே திறந்தது. பிள்ளையை அனுப்பாவிட்டால் ஸ்டேஷனில் கேள்வி வரும். அதனால் அனுப்பினார்கள். சிலேட்டு, புத்தகம், மத்தியானக் கஞ்சி எல்லாம் இனாம்.

"சும்மா குடுக்கிறாகன்னா நம்மகிட்ட என்னத்தையோ பாத்து வச்சிருக்காக" என்பார் ஐயா. "நீ படி. ஆனா எதையும் நம்பாத. எவன் என்ன கேட்டாலும் யோசிச்சுச் சொல்லு."

இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பு, எனக்குப் பன்னிரண்டு வயது நடக்கையில், புது வாத்தியார் ஒருவர் வந்தார். மதுரை டவுன்காரர். ஒல்லி உடம்பு, பழுப்பேறிய கோட்டு, ஓயாமல் தும்மல். நெசவுக்காரக் குடும்பம், வீட்டில் பேசுகிற பாஷை வேறு. தினமும் சைக்கிளில் பசுமலை வழியாக வந்து போவார். கணக்கும் இலக்கணமும் முந்தைய வாத்தியார் சொல்லித் தந்தது போலத்தான் இவரும் சொல்லித் தந்தார். பிரச்சினை மூன்று மணிக்குப் பிறகு தொடங்கியது. மூன்று மணிக்கு எங்கள் புத்தகங்களைக் கட்டச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு அனுப்பாமல், பாத்தி கட்டுவோம், பாடுவோம், கூத்துக் கட்டுவோம் என்று ஆரம்பித்துவிட்டார்.

ஊரில் இதற்கு ஒவ்வொருவரும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். கத்தரிப் பாத்தி போடச் சொல்வது வாத்தியார் வீட்டுக் குழம்புக்கு. இதையாவது புரிந்துகொள்ளலாம். கூத்துக் கட்டச் சொல்வது, எவன் நன்றாக வேஷம் மாற்றிப் பேசுகிறான் என்று பார்த்து வைத்துக்கொள்வதற்கு. பாட்டுக்கு என் சித்தப்பா சொன்ன காரணம் ஊரையே கலக்கிவிட்டது. "ஒவ்வொருத்தன் தொண்டையும் எப்படி இருக்குன்னு இப்பவே கேட்டு எழுதி வச்சுக்கிறாகப்பா. நாளைக்கு இருட்டுல நீ ஒரு குரல் குடுத்தாப் போதும், ஆளு யாருன்னு சொல்லிப்புடுவாக." இதைக் கேட்ட மறுநாள் நாங்கள் எல்லாரும் குரலை மாற்றிப் பாடினோம். நான் மூக்கால் பாடினேன். வாத்தியார் பதினோரு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஊரில் ஏதாவது காய்ச்சல் பரவியிருக்கிறதா என்று கேட்டார்.

பாட்டை விட்டுவிட்டு அவர் குழலுக்கு வந்தார். ஒருநாள் அவருடைய தம்பி சைக்கிளின் பின்னால் ஒரு கட்டு மூங்கிலைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அண்ணனும் தம்பியும் அவர்கள் பாஷையில் வெகுநேரம் பேசிக்கொண்டார்கள். நடுவில் தம்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஐயா இதைப் பார்த்துவிட்டார். "நம்மளப் பத்தித்தான் பேசுறாக. இல்லாட்டி எதுக்கு நமக்குப் புரியாத பேச்சுல பேசணும்?" என்று சாயங்காலம் கேட்டார். எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

அந்தக் கட்டிலிருந்து ஒரு குழலை உருவி வாத்தியார் வாசித்தார். அவர் பெரிய வித்வான் இல்லை. நடுவில் இரண்டு தடவை தும்மினார். ஆனால் நான் அதுவரை அவ்வளவு பக்கத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. கோயில் திருவிழாவில் நாயனம் கேட்டிருக்கிறேன், அது ஊர் முழுவதற்கும் பொது. இது எனக்கு மட்டும் சொல்கிற மாதிரி இருந்தது. எனக்கு அந்தக் குழல் வேண்டும் என்று அப்போதே ஆசை வந்தது. வெட்கமில்லாத ஆசை. சந்தேகத்தையும் மீறிக்கொண்டு வந்த ஆசை என்பதால் எனக்கே அதன் மேல் சந்தேகம் வந்தது.

"ஆளுக்கொரு குழல் நாமளே செய்யப்போறோம்" என்றார் வாத்தியார். கடையில் விற்கிற குழல் பெரியவர்கள் கைக்குச் செய்தது, எங்கள் விரல் துளைகளுக்கு எட்டாது, அதனால் ஒவ்வொருவன் விரலும் இயல்பாக எங்கே விழுகிறதோ அதற்கேற்பத் துளையைக் கொஞ்சம் தள்ளிப் போடுவோம் என்று விளக்கினார். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். நீளமாகக் கிழித்த தாளை மேஜையில் விரித்தார். மைப்புட்டியைச் சாய்த்து ஒரு துணியை நனைத்தார். ஒவ்வொருவனும் இரண்டு கையிலும் கட்டை விரலையும் சுண்டு விரலையும் விட்டுவிட்டு, மிச்ச மூன்று மூன்று விரலைத் துணியில் ஒற்றித் தாளில் குழல் பிடிக்கிற மாதிரி வைக்க வேண்டும்.

என் முறை வந்தது. வைத்தேன். நீலமாக ஆறு விரல், கோடு கோடாகச் சுழித்துக்கொண்டு தாளில் விழுந்தது. வாத்தியார் அதற்குக் கீழே என் பெயரை எழுதினார். வகுப்பில் என் பெயரிலேயே இன்னொருவன் இருந்ததால், "உங்க அப்பா பேரு என்னடா?" என்று கேட்டார். குழல் ஆசையில் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அதையும் பக்கத்தில் எழுதினார். எனக்கு அப்போது ஒன்றுமே தோன்றவில்லை. இத்தனைக்கும் தினமும் சந்தேகத்தையே கரைத்துக் குடித்து வளர்ந்தவன் நான்.

வீட்டுக்குப் போனபோது ஐயா ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேட்டியை இறுக்கிக்கொண்டிருந்தார். ஆத்தா கஞ்சிச் சட்டியை நீட்டினாள். வாங்குவதற்குக் கையை நீட்டினேன். ஐயா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இது என்னடா?"

"மை."

"மைன்னு எனக்குத் தெரியும்டா. யாரு வச்சது?"

"வாத்தியாரு. குழல் செய்ய."

ஐயா என் கையை விளக்குப் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். "எத்தன விரலு?"

"ஆறு."

"தாளுல வச்சியா? கீழ பேரு எழுதினாரா?"

"ஆமாய்யா. உங்க பேரையும் எழுதினாரு."

ஐயா கையை விட்டுவிட்டார். அண்ணன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தான். பிறகு ஐயா மெதுவான குரலில், ஒரு கணக்கைக் கண்டுபிடித்துவிட்டவரைப் போலச் சொன்னார்: "சின்னப் பிள்ளைக்கு ஆறு. வயசு வந்தப்புறம் மிச்சம் நாலு."

எனக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. கத்தரிப் பாத்தியும் பாட்டும் மூங்கிலும் எல்லாம் இந்த ஆறு விரலுக்காகத்தான். என்னை இனிப்புக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள். குழலுக்கு ஆசைப்பட்டு ஐயா பெயரையும் சேர்த்து நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

"நாளைக்கு அந்தத் தாள எடுத்துட்டு வந்துரு" என்றார் ஐயா.

"கேட்டாத் தரமாட்டாரே?"

"கேக்கச் சொல்லல."

ஆத்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பச்சப் பிள்ளயக் களவெடுக்கச் சொல்றீகளா? இத்தன வருஷம் அந்தப் பேரு வரக் கூடாதுன்னுதான செத்துப் பொழைக்கிறோம்?"

ஐயா நேரமாகிவிட்டது என்று அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆஜருக்குப் பிந்தினால் அதற்கு வேறு அடி விழும்.

மறுநாள் மத்தியானம் வாத்தியார் கிணற்றடிக்குக் கை கழுவப் போன நேரத்தில் நான் மேஜைக்குப் போனேன். தாள்கள் ஆஜர்ப் பட்டியலுக்கு அடியில் நூலால் கட்டி இருந்தன. என்னுடையதை மட்டும் உருவ நேரமில்லை. பதினோரு பேருடையதையும் கட்டோடு எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே திருட்டு அதுதான். திருடர் பட்டியலில் என் பெயர் ஏறக் கூடாது என்பதற்காகத் திருடினேன். இந்த வேடிக்கையை நினைத்துச் சிரிக்க எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று.

ஐயா கட்டை வாங்கி எருமையின் கழுநீர்த் தொட்டியில் போட்டு அமுக்கினார். மை கரைந்து கழுநீர் நீலமாயிற்று. தாள் கூழாயிற்று. எருமை முதலில் மூக்கைச் சுளித்தது, பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பதினோரு பேரின் ரேகையையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தது. ஐயா தொட்டியின் அடிவரை கைவிட்டுத் துழாவிப் பார்த்த பிறகுதான் நகர்ந்தார்.

ஆனால் மறுநாள் காலையில் வாத்தியார் தேடத் தொடங்கினார். மேஜை, அலமாரி, கரும்பலகைக்குப் பின்பக்கம் எல்லாம் தேடினார். எங்களைக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "பள்ளிக்கூடத்துச் சாமான் காணாமப் போனா மேல எழுதணும்னு உத்தரவு இருக்கு. என் கையில இல்லை" என்று சொல்லிக்கொண்டே தாளையும் பேனாவையும் எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. எழுதினால் அது ஸ்டேஷனுக்குப் போகும். எங்கள் ஊரில் எது காணாமல் போனாலும் ரேகை வைத்தவர்களைத்தான் முதலில் கூட்டிப் போவார்கள். அதிலும் இளவட்டங்களை. முந்தின வருஷம் பக்கத்து ஊரில் ஓர் ஆட்டுக்குட்டி காணாமல் போனதற்கு அண்ணனைக் கூட்டிப் போய், மூன்று நாள் கழித்து விட்டார்கள். ஆட்டுக்குட்டி தானாகவே வீடு வந்து சேர்ந்துவிட்டதாம். அண்ணன் அதன் பிறகு ஒரு மாதம் சம்மணம் போட்டு உட்காரவில்லை.

வாத்தியாரின் பேனா தாளில் பட்டதும் நான் எழுந்துவிட்டேன். "நாந்தான் சார் எடுத்தேன். எழுதாதீங்க சார். எங்க அண்ணனப் பிடிச்சுருவாக."

"எதுக்குடா எடுத்தே?"

"அது ரேகை சார்."

"என்ன ரேகை?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "போலீசுக்கு எடுத்த ரேகை! ஆறு விரலு இப்ப எடுத்தீக, மிச்சம் நாலு பெறகு எடுப்பீக. எங்க ஐயா பேரையும் எழுதிக்கிட்டீக. எல்லாம் எங்களுக்குத் தெரியும்!" என்று கத்தினேன். பின்னால் இருந்த பத்துப் பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

வாத்தியார் பேனாவைக் கீழே வைத்தார். இப்படி ஒரு சட்டம் இருப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அது எங்கள் வீட்டுக்குள் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. அவர் முகம் சுருங்கிப்போயிற்று. நான் அதையும் நம்பவில்லை. நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுதத் தொடங்கியிருந்த தாளைக் கிழித்துப் போட்டார். புதிதாக ஒரு தாளை எடுத்தார். மைத்துணியை நனைத்தார். தன்னுடைய பத்து விரலையும் ஒவ்வொன்றாக ஒற்றி ஒற்றித் தாளில் வைத்தார். கீழே தன் பெயர், தன் அப்பா பெயர், மதுரையில் தன் வீடு இருக்கிற தெரு எல்லாம் எழுதினார். ஊதி உலர்த்தி என்னிடம் நீட்டினார்.

"உங்க அப்பாகிட்ட குடு. என் ரேகை அவர்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லு."

ஐயா அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "இது அவரு ரேகைதாங்கிறதுக்கு என்ன அத்தாட்சி? எந்தக் கழுத விரலோ" என்றார். இராப்பொழுது ஸ்டேஷனில் படுத்துக் கிடந்தபடி இதையேதான் யோசித்திருப்பார் போலும். விடிந்ததும் வீட்டுக்குக்கூட வராமல் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். அந்த வாசலில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

வாத்தியார் எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க" என்றார். ஐயா உட்காரவில்லை.

"கையக் காட்டுங்க" என்றார்.

வாத்தியார் இரண்டு கையையும் நீட்டினார். ஸ்டேஷனில் எத்தனையோ தடவை ஐயா கை நீட்டியிருப்பார். அவர் முன்னால் ஒருவர் கை நீட்டி நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐயா தாளைப் பிரித்து, விரல் நுனியையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். மண்ணில் தடம் பார்க்கிற அதே நிதானம். இடது கை ஆள்காட்டி விரலில் வந்ததும் நிறுத்தினார். அதில் ரேகையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு இருந்தது. தாளிலும் அந்த இடத்தில் வெள்ளைக் கோடு.

"இது என்ன காயம்?"

"சின்ன வயசுல தறியில இழுத்துட்டுதுங்க."

"ம். சரிதான்" என்றார் ஐயா. தாளை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டார். திருப்பித் தருவார் என்று வாத்தியார் எதிர்பார்த்தாரோ என்னவோ, ஐயா தரவில்லை. "பிள்ளைக விரல் அளவு ஒங்களுக்கு எதுக்குத்தான் வேணும்? நெசத்தச் சொல்லுங்க."

வாத்தியார் மூங்கிலை எடுத்துக் காட்டி, துளை, விரல், எட்டாமை எல்லாவற்றையும் மறுபடி விளக்கினார். ஐயா மூங்கிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடிந்ததும், "இதுக்கு மை எதுக்கு? தாளு எதுக்கு?" என்று கேட்டார். வெளியே போய் வேப்பமரத்தடியில் குந்தினார். கரிசல் மண்ணைக் குவித்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டி ஒரு பலகை போலச் சமமாக்கினார்.

"வாடா. இதுல வையி" என்றார் என்னை.

வைத்தேன். ஆறு விரலும் ஆறு குழியாகப் பதிந்தது. வாத்தியார் ஈர்க்குச்சியை ஒடித்து ஒடித்துக் குழிக்குக் குழி தூரம் அளந்து, மூங்கிலில் கரித்துண்டால் புள்ளி வைத்தார். ஆறாவது புள்ளி வைத்து முடித்ததும் ஐயா தன் கையால் மண்ணைத் துடைத்துச் சமமாக்கினார். ஒரு கோடுகூட மிஞ்சாமல் துடைத்துவிட்டு, "அடுத்தவன் வாடா" என்றார். பதினோரு பேருக்கும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் ஐயா குனிந்து பார்த்துத் துடைத்தார். கடைசியில் எல்லா மண்ணையும் அள்ளி வாய்க்காலில் கரைத்துவிட்டுப் போனார்.

அன்று தொடங்கி மூன்று மணி ஆனால் வேப்பமரத்தடியில் ஐயா வந்து உட்கார்ந்துவிடுவார். "காவலுக்கு" என்று ஊரில் சொல்லிக்கொண்டார். காய்ச்சிய கம்பியால் வாத்தியார் துளையிட்டதையும், நாங்கள் தவிட்டை வைத்துத் தேய்த்து எண்ணெய் தடவியதையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். குழல்கள் தயாராகின. உண்மையைச் சொல்ல வேண்டும்: அவை மோசமான குழல்கள். விரலுக்குச் சௌகரியம் என்று துளையைத் தள்ளினால் சுரமும் தள்ளிப்போகும் என்பதை வாத்தியார் போதுமான அளவு யோசிக்கவில்லை. பதினோரு குழலும் பதினோரு பக்கம் இழுத்தன. சேர்ந்து வாசித்தால் மரத்திலிருந்த காக்கைகள் பறந்து போகும். ஆனாலும் என் குழலில் என் விரல் விழுந்த இடத்திலெல்லாம் துளை இருந்தது. உலகத்தில் எனக்கென்று அளவெடுத்துச் செய்த முதல் சாமான் அது. அதை வாசிக்கும்போது நான் யாரையும் சந்தேகப்படவில்லை. மூச்சு விடுவதற்கே நேரம் சரியாக இருந்தது.

ஐயா எங்கள் வாசிப்பைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. ஆனால் காவலுக்கு வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவானேன் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சில மாதம் கழித்துப் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற அதிகாரி ஒருவர் வந்தார். கூட ஸ்டேஷன் ஏட்டும் வந்தார். பிள்ளைகளைப் பெற்றவர்கள் வேலியோரம் நின்றார்கள். நாங்கள் வாசித்தோம். அதிகாரிக்குச் சங்கீதம் தெரியாது போலிருக்கிறது, ரொம்ப சந்தோஷப்பட்டார். மதுரையில் பல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூடுகிற ஒரு விழாவில் நாங்களும் வாசிக்க வேண்டும் என்றார். எனக்கு நெஞ்சு துள்ளியது. நான் அதுவரை மதுரையைப் பார்த்ததில்லை. பிறகு அவர் வாத்தியாரிடம், "பையன்கள் பேர், தகப்பன் பேர் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்" என்றார்.

துள்ளிய நெஞ்சு அப்படியே நின்றுவிட்டது. வரிசையில் நான்தான் முதலில் நின்றேன். வாத்தியார் தாளை மேஜையில் வைத்துப் பேனாவைத் திறந்தார். ஏட்டு அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பேரைச் சொல்லு தம்பி" என்றார் அதிகாரி.

நான் பொய்ப் பெயர் சொன்னேன். எப்போதோ திருவிழாக் கடையொன்றில் யாரோ யாரையோ கூப்பிட்ட பெயர். தகப்பன் பெயராகவும் வாய்க்கு வந்த ஒன்றைச் சொன்னேன். வாத்தியாருக்கு என் பெயர் தெரியும். அவர் பேனா நின்றது. பொய் என்று காட்டிக்கொடுக்கவும் அவருக்கு மனமில்லை, பொய்யை எழுதவும் கை வரவில்லை. அவர் தும்மக்கூடச் செய்யாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயர் தாளில் ஏறினால் விழாவுக்குப் போகிறவன் நானில்லை, யாரோ ஒருவன். எனக்கு அது தெரிந்தேதான் இருந்தது.

"ஐயா" என்று வேலிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. என் ஐயா வேலியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தார். ஏட்டு அவரைப் பார்த்ததும் வழக்கம் போல நம்பரைச் சொல்லி, "அங்கயே நில்லு" என்றார். ஐயா நிற்கவில்லை.

"அது அவன் பேரு இல்லங்க. பயந்து சொல்றான்" என்றார் ஐயா. என் பெயரைச் சொன்னார். பிறகு, "நான் அவனோட அப்பன்" என்று சொல்லி, ஏட்டின் முகத்துக்கு நேரே தன் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஏட்டும் கேட்டிருக்க மாட்டார்.

அதிகாரியிடம் பொய் சொன்னது தெரிந்தால் எனக்கு ஆபத்து என்று பயந்து வந்தாரா, இல்லை வேறு எதற்காகவாவது வந்தாரா, எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. வாத்தியார் எழுதினார். ஐயா மேஜையை ஒட்டி நின்று பேனா போகிற போக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. எழுதி முடித்ததும் என் தோளைப் பிடித்துத் தாளுக்குப் பக்கத்தில் இழுத்தார்.

"என்ன எழுதியிருக்காரு? படி."

படித்தேன். என் பெயர். ஐயாவின் பெயர்.

"முன்னால நம்பர் போட்டிருக்கா?"

"இல்லய்யா."

"கடைசியில இன்னும் என்னமோ எழுதினாரே. அது என்ன?"

நான் குனிந்து பார்த்தேன். "குழல் வாசிப்பவன்னு எழுதியிருக்கு."

ஐயா அந்த எழுத்தைத் தொடுவதற்கு விரலை நீட்டினார். மை இன்னும் காயவில்லை. படாமல் விரலை இழுத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ படி" என்றார்.